சலவைக்கூடத்து இங்கிலீஷ்

மார்ச் 4

வாயாடிக்கு,

நான் சொல்லச் சொல்ல மூன்றாம் மாடி நர்ஸம்மா எழுதுகிறாள். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அதில் பாதி எனக்கு. என் பேச்சை அப்படியே போட்டால் நன்றாக இருக்காது என்று அவளாகவே எழுத்துத் தமிழாக மாற்றிப் போடுகிறாள். ஆனால் கோபம் முழுக்க என்னுடையது. அதில் அவளுக்குப் பங்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் வைத்தேன். கை தவறி இல்லை, வேண்டுமென்றே வைத்தேன். மாத்திரை தீர்ந்துபோன விஷயத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் பின்னால் ஒரு ஆம்பளைக் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறது. நீ சிரிக்கிறாய். என் மாத்திரைக்கா சிரித்தாய்? "யாருடி அது?" என்று கேட்டால், "டியூஷன் சாருங்க, இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன ஸ்பெஷல்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிற வசதி எனக்கு இல்லை. நமக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், நீ தையல்கடைக்கு வேலைக்குப் போனாயே, அங்கே காஜா எடுக்கிறவன் உனக்கு மூன்று நூல்கண்டு கொடுத்தான். இரண்டு வெள்ளை, ஒன்று நீலம். அன்றைக்கு நீ சிரித்ததும் இதே சிரிப்புதான்.

இருபத்திரண்டு வருஷம் இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆவியில் வெந்தாயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நெஞ்சு அடைப்புக்கு ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்த பிறகு நான் தனியாக இருக்கக்கூடாது என்கிறார் டாக்டர். வைத்தியத்தை விட்டுவிட்டு நான் அங்கே வர முடியாது. நீ இங்கே வரவேண்டுமென்றால் இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணு என்கிறது இந்த நாட்டு அரசாங்கம். பண்ணு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புருஷனிடம் வந்து சேர இன்னொருத்தன் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டுமா?

"இந்த வரி தேவையா அண்ணே?" என்கிறாள் நர்ஸம்மா. தேவை.

இனி போன் கிடையாது. கடிதத்துக்குப் பின்னால் நின்று எவனும் பேச முடியாது.

உன் புருஷன்


மார்ச் 15

என்னங்க,

நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கோபத்திலேயே தெரிகிறது. மாத்திரை வாங்கிவிட்டீர்களா? அதை மட்டும் எழுதவே இல்லை.

நூல்கண்டில் ஒன்று நீலம்தான். அந்த நீல நூலில் உங்கள் வேலைச் சட்டைக்குத்தான் பொத்தான் தைத்தேன். அது ஏன் உங்களுக்கு ஞாபகம் இல்லை?

சாரைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்புச் சொன்னவர். ரிட்டயராகிவிட்டார். மனைவி இல்லை. அச்சகத்துக்கு மேலே உள்ள அறையில் வகுப்பு நடத்துகிறார். பிளாஸ்டிக் நாற்காலி எட்டு, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். நாங்கள் ஏழு பெண்கள். எல்லோருமே புருஷனிடமோ பிள்ளையிடமோ போய்ச் சேரவேண்டியவர்கள். குரல் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

பரீட்சையில் இரண்டு பாகம். எதிரே உட்கார்ந்து கேட்கிறவரிடம் கால் மணி நேரம் பேச வேண்டும். பிறகு ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். கடையில் விற்கிற புத்தகத்தில் இங்கிலீஷ் மரபுத்தொடர் நூறு இருக்கிறது. அள்ளிப் போட்டால் அள்ளி மார்க் தருவார்கள் என்று நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். சார் வேண்டாம் என்கிறார். "தானா வந்து உட்கார்ந்தா ஒண்ணு போடுங்க. ஆபீஸ் லெட்டர்னா அதுவும் யோசிச்சுப் போடுங்க" என்கிறார்.

அன்றைக்குச் சிரித்த காரணமும் இதுதான். பேக்கரியில் வேலை பார்க்கிற அக்கா, வேலை கேட்டு எழுதுகிற மனுவில் 'பீஸ் ஆஃப் கேக்' என்று போட்டுவிட்டாள். சார் அந்த வரியை இங்கிலீஷில் உரக்க வாசித்தார். "ஏம்மா, 'உங்க வேலை எனக்கு ஜுஜுபி'ன்னு மேனேஜருக்கு எழுதினா அவரு வேலை குடுப்பாரா, விரட்டி விடுவாரா?" என்றார் சார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டுமா சிரித்தேன்? உங்கள் காதில் நான் மட்டும்தான் விழுவேன்.

உங்கள் வாயாடி


மார்ச் 27

வாயாடிக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன்.

குரல் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். எழுதாமல் இருந்திருக்கலாம். மனைவி இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் கேட்டேனா?

முப்பது வருஷம் மைக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து பேசியவனுக்கு, இப்போது எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டியிருக்கிறது. அவன் பேசினான், ஒருத்தராவது பதில் பேசினார்களா? மனுஷனும் மனுஷனும் பேசிக்கொள்கிற இங்கிலீஷ் அவனுக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியும். எழுதத் தெரியாதே தவிர, காது இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் எங்கள் மீசை ஃபோர்மேன் பேசியது ஒவ்வொன்றும் என் மண்டைக்குள் மடித்து அடுக்கியிருக்கிறது. அதை நான் உனக்குத் தருகிறேன். வெளியாள் எதற்கு?

முதலாவது: 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்'. நாம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது அவசரப்படுத்தினால் சொல்வது. ஆபரேஷன் அறைப் பெரிய டாக்டரம்மாவே ஒருமுறை கீழே வந்து துணி எங்கே, துணி எங்கே என்று பறந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே ஃபோர்மேன் இதைச் சொன்னான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே நின்று வாங்கிப் போனார்கள். அவ்வளவு பெரியவர்களிடமே சொல்லலாம் என்றால், உன் பரீட்சைக்காரியிடம் சொல்லக் கூடாதா?

இரண்டாவது: 'பெயின் இன் த நெக்'. தொல்லை கொடுக்கிற எதற்கும் பொருந்தும். நாலாம் நம்பர் மெஷின், லிஃப்ட், மேலே இருந்து வருகிற நோட்டீஸ், எல்லாவற்றுக்கும்.

மூன்றாவதுதான் மிகவும் மரியாதையானது. எங்களோடு துணி தேய்க்கிற ரோலரில் வேலை பார்த்த ரோலர்காரக் கிழவன் செத்த அன்றைக்கு, ஃபோர்மேன் எல்லா மெஷினையும் நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: 'ஹி கிக்ட் த பக்கெட்'. பெரியவர்கள் தவறிப்போனால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணே, நானும் இந்தப் பரீட்சை எழுதித்தான் இங்க வந்தேன். இதெல்லாம் அங்க சொல்லவே கூடாது." நான் சொன்னேன்: "தங்கச்சி, உனக்கு இங்க வேலை பேனா மட்டும்தான்."

நீ பரீட்சையில் யாருடைய இங்கிலீஷைப் பேசினாய் என்று பிறகு கேட்பேன்.

உன் புருஷன்


ஏப்ரல் 7

என்னங்க,

நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரு தாளில் எழுதி சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஒருமுறை படித்தார். "இதைச் சொன்னவரு பிரமாதமா காது குடுத்துக் கேட்டிருக்காரு. ஒரு சொல் பிசகலை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, "ஆனா இது கூட வேலை பார்க்கிறவங்க தோள்மேல கை போட்டுப் பேசுற பேச்சு. பரீட்சை ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்கம்மா" என்றார்.

பரீட்சை இருபத்தெட்டாம் தேதி. நான் எதைப் பேசட்டும்? அவர் சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இதை எழுதுவதற்கு இரண்டு நாள் யோசித்தேன்.

வாயாடி


ஏப்ரல் 17

என் கடிதத்தில் இருப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டினாயா? நமக்குள் இருக்கிற ஒன்றே ஒன்று இந்தக் கடிதம். அதிலும் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டாய்.

அவன் என்னைப் பாராட்டினானாம். அவன் பாராட்டு எனக்கு எதற்கு? நீ பெருமைப்பட்டாயாம், அவன் சொன்ன பிறகு.

இதுதான் என் முடிவு. அவன் இங்கிலீஷைப் பேசி பாஸ் பண்ணினால், அவன் வாங்கிக் கொடுத்த காகிதத்தில் நீ வருகிறாய். அப்படி வருகிறவளைக் கூப்பிட நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். பஸ் நம்பரை எழுதி அனுப்பச் சொல்கிறேன். நீயே வந்து சேர்ந்துகொள்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாளாம் நர்ஸம்மா. அதையும் அவளே எழுதுகிறாள்.


மே 12

என்னங்க,

ஃபெயில். பேச்சிலும் ஃபெயில், எழுத்திலும் ஃபெயில்.

உங்கள் கடிதம் பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது. இரண்டு தடவை படித்தேன், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனேன்.

எதிரே நரைத்த தலையோடு ஒரு அம்மா. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நன்றாகத்தான் பேசினேன். எனக்கே ஆச்சரியம், வாய் தடுக்கவே இல்லை. பாதியில் அந்த அம்மா கையைத் தூக்கி, போதும், அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. "ஹோல்ட் யுவர் ஹார்சஸ், மேடம்!" என்றேன். தெளிவாக, சத்தமாக. அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து ஏதோ எழுதினார்கள். அப்புறம் எந்தக் கேள்விக்கும் எனக்குப் பேச்சு வரவில்லை.

கடிதத்துக்குக் கேள்வி இது: பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார், அவர் நூலகத்தில் எடுத்த புத்தகங்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள், அவர் உறுப்பினர் கணக்கை முடிக்கச் சொல்லி நூலகருக்கு எழுதுங்கள். உங்கள் ரோலர்காரக் கிழவரை நினைத்துக்கொண்டேன். 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதினேன். மரியாதையாக எழுதுகிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கண்ணே கலங்கியது. நூலகத்திலிருந்து வந்த நினைவூட்டுத் தாளை 'பெயின் இன் த நெக்' என்று வேறு எழுதினேன்.

வகுப்பில் சார் கேட்டார், சொன்னேன். "ஏம்மா... 'எங்க பக்கத்து வீட்டுக் கிழவர் மண்டையைப் போட்டுட்டாரு, இந்தாங்க புடிங்க உங்க புஸ்தகத்தை, சும்மா உயிரை வாங்காதீங்க'ன்னு நூலகருக்கு எழுதியிருக்கீங்க" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. ஏழு பேரில் யாருமே சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும்.

உங்கள் இங்கிலீஷைத்தான் பேசினேன். சந்தோஷமா?


மே 23

வாயாடிக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். நர்ஸம்மா அந்த வரியை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உன்னிடம் பொய் சொல்ல இன்னொருத்தி கையை நான் வாடகைக்கு எடுக்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

ஆமாம். முதலில் சந்தோஷப்பட்டேன். ஃபெயில் என்ற சொல் காதில் விழுந்ததும், அவன் வகுப்புப் பெண் ஃபெயில், அவன் தோற்றான் என்று எனக்குள்ளே ஒருத்தன் கைதட்டினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபெயிலானது நீ என்று உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபெயிலாக்கியது நான் என்று உறைத்தது.

ஃபோர்மேனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மனுஷன் இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு துணிவண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விளக்கினான். அந்த டாக்டரம்மா இங்கே படிக்க வந்த நாளிலிருந்து அவனுக்குப் பழக்கமாம். பதினெட்டு வருஷமாம். அதனால்தான் 'சும்மா பறக்காதே, பொறு' என்று அப்படிச் சொல்ல முடிந்ததாம். "அப்போ ரோலர்காரக் கிழவனுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கிழவன் இவனுக்கு நெருங்கிய சிநேகிதன். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் எங்கள் எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதிருப்பானாம். "அவன் பெஞ்சாதி வீட்டுக்குப் போனப்ப அப்படியா சொன்னேன்? அங்க மரியாதையாத்தான் சொன்னேன்" என்றான். அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட எனக்கு, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது கேட்கவில்லை.

இங்கே நீலப் பையில் ஆபரேஷன் அறைத் துணி வரும். சிவப்புப் பையில் ரத்தத் துணி. பச்சையில் தரை துடைக்கிற துணி. மூன்றும் துணிதான், மூன்றும் வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மாற்றிப் போட்டதில்லை. வார்த்தையை மட்டும் எல்லாவற்றையும் ஒரே மெஷினில் திணித்துவிட்டேன்.

மறுபடி எழுது.

உன் புருஷன்


ஜூன் 6

என்னங்க,

மறுபடி எழுதுவேனா என்று தெரியவில்லை.

அடிப்படை வகுப்புக்குப் புதிதாக ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஏ, பி, சி-யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "நீங்க எடுங்கம்மா, தப்பு பண்ணினவங்க சொன்னா மத்தவங்களுக்கு நல்லாப் புரியும்" என்றார் சார். வாரம் மூன்று நாள் காலையில் எடுக்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு முழங்கால் வலி தெரிவதில்லை. என்னை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். இந்த வயதில் என்னை முதன்முதலாக ஒரு வேலையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

சார் வேறு எதுவும் கேட்டாரா என்றுதான் இப்போது நினைப்பீர்கள். நினையுங்கள். நான் பதில் எழுதமாட்டேன். நூல்கண்டுக்கு முப்பத்தாறு வருஷம் பதில் சொல்லியாயிற்று.

அவரிடம் படிக்காமல் எழுதினால் நான் பாஸாக மாட்டேன். படித்தால் நீங்கள் பஸ் நம்பர் அனுப்புவீர்கள். நான் இங்கேயே இருந்துவிட்டால் யாருக்கும் கோபம் இல்லை. இதில் எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்துச் சொல்ல வேண்டாம்.


ஜூன் 17

வாயாடிக்கு,

போ. அவரிடமே போய்ப் படி.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். "இதுவரைக்கும் 'அவன்'னு போட்டேன். இப்ப 'அவர்'னு போடவா அண்ணே?" போடு என்றேன். வாய்க்குக் கசக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் போடு என்றேன்.

பொறாமை எனக்குப் போகவில்லை. போய்விடும் என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் மாட்டேன். வகுப்பு நேரத்தை நான் தினமும் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இப்போது மாடிப்படி ஏறுகிறாள், இப்போது உட்கார்ந்திருப்பாள், இப்போது அவர் ஏதாவது சொல்வார், இவள் சிரிப்பாள். அங்கே வகுப்பு முடிகிற வரைக்கும் இங்கே என் கையில் துணி ஒழுங்காக மடியாது. அது என் பாடு. நீ போ. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கும் போ.

செவ்வாய்க்கிழமை ரோலர் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஃபோர்மேன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மத்தியானம் முழுக்க கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே போனது, எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. அப்போது தெரிந்தது, நீ எவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் வந்தாலும் எனக்குச் சரி என்று. அவர் வாங்கிக் கொடுத்த காகிதமானாலும் வா. மிஸ்ஸாகவே வா.

இதை நர்ஸம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுப் பார்.

உன் புருஷன்


ஆகஸ்ட் 25

என்னங்க,

பாஸ்.

அதே நரைத்த தலை அம்மாதான். என்னை அவர்களுக்கு ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன். கையைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார்கள். நான் உடனே பேச்சை நிறுத்தி "சர்ட்டன்லி" என்றேன். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கணவரைப் பார்த்துக்கொள்வேன், அதோடு எங்கேயாவது சொல்லிக்கொடுப்பேன் என்றேன். ஆரம்பத்தில் சிரமமாக இருந்தாலும் 'இன் த லாங் ரன்' நன்றாக இருக்கும் என்று முடித்தேன். மொத்தப் பரீட்சையிலும் அது ஒன்றுதான். நான் தேடவில்லை, அதுவாக வந்தது. அந்த அம்மா தலையை ஆட்டினார்கள். கடிதத்துக்கு முதலாளியிடம் விடுப்புக் கேட்கச் சொன்னார்கள். நேராகக் கேட்டேன், ஒரு அலங்காரமும் இல்லாமல்.

உடனே கிளம்பி வரச் சொல்வீர்கள். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதிதான் வருவேன். என் ஏழு பேரின் வகுப்பு இருபதாம் தேதி முடிகிறது. நடுவில் விட்டுவிட்டு வரமாட்டேன். இதை உங்களைக் கேட்டு எழுதவில்லை. சொல்லி எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காமல் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். "நீங்க போயிட்டா இந்த வகுப்பை யாரும்மா எடுப்பாங்க?" என்று சார் கேட்டார். கேட்டது அவ்வளவுதான். கேட்காதது ஏதாவது இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

உங்கள் வாயாடி


செப்டம்பர் 6

வாயாடிக்கு,

கேட்காததை நீ தேடிப் பார்க்கவில்லை. நான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். ஒரு தடவை சொன்னால் போதும்.

விமான நிலையத்துக்கு வருவேன். ஃபோர்மேன் தன் வண்டியில் கூட்டிவருகிறேன் என்கிறான். அவன் வாயை நம்ப முடியாது, உன்னிடம் பார்த்துப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நர்ஸம்மா, இதை அழகுபடுத்தாமல் எழுது. எனக்கு அந்த மனுஷர் மேல் மட்டும் பொறாமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ பாஸ் என்று கேட்ட பிறகும் அது குறையவில்லை, கூடத்தான் செய்தது. யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக நமக்காகப் பேசியது நான். தப்போ சரியோ, நான். இனி கடையில் நீ பேசுவாய், ஆபீஸில் நீ பேசுவாய், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். என் பொறாமை உன்மேல்தான், வாயாடி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதமும் உனக்கு ஒரு ஃபெயிலும் ஆகியிருக்கிறது.

இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்கு நெஞ்சு டாக்டரிடம் போக வேண்டும். இதுவரை அவர் என்ன கேட்டாலும் யெஸ், யெஸ் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஜூன் மாதம் ரோலர் பக்கத்தில் வந்த வலியைக்கூட எனக்கு அவரிடம் சொல்லத் தெரியவில்லை. வரவேற்பில் இருக்கிற பெண் வழக்கம்போல, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். "வேண்டாம், என் வீட்டுக்காரி பேசுவாள்" என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல உயரம். எது சொன்னாலும் சிரிப்பார். இப்போதே சொல்லி வைக்கிறேன், அவரிடம் என் நெஞ்சைப் பற்றி மட்டும் பேசு.

உன் புருஷன்